உழைப்புக்கும் கணக்கு வேண்டும்

வெளி மாநிலங்களில் சிறு தொழில் நடத்திவரும் தமிழர்களைப் பற்றி அயலார் வழங்கும் பாராட்டுரை ஒன்று உண்டு. "அவர்கள் கடை மூடியிருந்து நாங்கள் பார்த்ததே இல்லை" என்பது அது. கொழிஞ்சாம்பாறையிலும் கொல்லங்கோட்டிலும், குமுளியிலும் மூணாற்றின் கடைவீதியிலும், இன்னும் தொலைவே சென்றால் மும்பையின் தாராவியிலும் இதனைக் கேட்கலாம். விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்பு மூட்டப்பெறுகிறது. இரவு பத்து மணிக்குக் கதவு சாத்தப்பெறுகிறது. பொங்கல் நாளிலும் ஒரு பலகை திறந்தே இருக்கிறது. பாராட்டு பொருத்தமானதே. ஆயினும், கடை மூடவில்லை என்று மகிழ்கிற நாம், கடையினுள் நிற்பவர் எத்தனை ஆண்டு அவ்வாறு நிற்க முடியும் என்று கேட்பதில்லை.

நட்டத்தினால் மூடப்பட்ட கடைகளைப் பற்றி நிறையப் பேசுகிறோம். இலாபம் வந்துகொண்டிருக்கையிலேயே, நடத்தியவர் ஓய்ந்துபோன காரணத்தால் மூடப்பட்டவற்றைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அவற்றைக் குறித்து ஊரார், "பாவம், உடம்புக்கு முடியவில்லை" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகின்றனர். உடம்புக்கு ஏன் முடியாமற் போயிற்று என்பதே இவ்வுரையின் பொருள்.

1974ஆம் ஆண்டில், நியூயார்க் நகரில் இலவச மருத்துவமனையொன்றில் தொண்டு புரிந்தவர்களிடையே ஹெர்பர்ட் ஃபிராய்டன்பர்கர் என்ற உளவியல் அறிஞர் ஒரு நிலையைக் கண்டு எழுதினார். மிகுந்த ஆர்வத்தோடு வேலையில் இறங்கியவர்களே சில காலத்தில் முற்றிலும் வறண்டு, எதிலும் பற்றின்றிப் போயினர். எரிந்து தீர்ந்துபோதல் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் அதனைக் குறித்தார். 2019இல் உலகச் சுகாதார நிறுவனம், நோய்களின் பன்னாட்டு வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பில் இதற்கு விளக்கம் தந்தது. இதனை ஒரு நோய் என்று அந்நிறுவனம் கூறவில்லை. தொழிலைச் சார்ந்து எழும் ஒரு நிலை என்றே கூறியது. அதற்கு மூன்று அறிகுறிகள் கூறப்பட்டன: ஆற்றல் வற்றிப்போதல், செய்கிற வேலையில் வெறுப்போ விலகலோ தோன்றுதல், திறமை குன்றியதாக உணர்தல்.

மொழிபெயர்ப்பை அலுவலாகக் கொண்ட எனக்கு, இதற்கெனப் புதிய சொல் ஆக்க வேண்டிய தேவை இருப்பதாகத் தோன்றவில்லை. நம் வீடுகளில் வழங்கும் சொற்கள் இரண்டு போதும். அலுப்பு என்பது உடலைச் சார்ந்தது. ஓர் இரவு நன்றாக உறங்கினால் தீரும். சலிப்பு என்பது மனத்தைச் சார்ந்தது. உறக்கம் அதனைத் தீர்ப்பதில்லை. அலுப்பைப் பல ஆண்டுகள் கவனியாது விட்டால் அது சலிப்பாக முதிர்கிறது. வாடிக்கையாளர் இன்னொரு முறை சட்னி கேட்டால் எரிச்சல் கொள்ளும் உணவுக்கடைக்காரரைப் பாருங்கள். அவர் தீயவர் அல்லர். பத்தாண்டுக்கு முன் அவரே கேளாமல் ஊற்றியவர். அவர் அலுப்பைக் கடந்து சலிப்புக்குள் நுழைந்துவிட்டார் என்பதே செய்தி. வியாபாரம் குறைவது அதன்பின்னர்தான் தொடங்கும்.

சலிப்பு மனத்தோடு நிற்கும் என்றாலும் பரவாயில்லை. உலகச் சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் நிறுவனமும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரத்திற்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைக் காட்டிலும் பக்கவாதம் தாக்கும் வாய்ப்பு 35 சதவீதமும், இதய இரத்தக்குழாய் நோயால் மரிக்கும் வாய்ப்பு 17 சதவீதமும் அதிகம். நான்கு மணிக்கு எழுந்து பத்து மணிக்கு அடைக்கும் கடைக்காரர் நாளொன்றுக்குப் பதினெட்டு மணி நேரம் அங்கிருக்கிறார். அந்த 55 மணி நேரத்தை அவர் வாரத்தின் நான்காம் நாளிலேயே தாண்டிவிடுகிறார்.

இனி, கேரள எல்லைப்புறத்தில் நாம் பெருமையோடு குறிப்பிடக்கூடிய ஒரு தொழிலை எடுத்துக்கொள்வோம். பாலக்காடு நகருக்குக் கிழக்கே, எலப்புள்ளி ஊராட்சியில் ராமசேரி என்னும் சிற்றூர் இருக்கிறது. தமிழகத்திலிருந்து பல தலைமுறைகளுக்கு முன் குடிபெயர்ந்த முதலியார் குடும்பங்கள் அங்கே இட்டிலி செய்து விற்றுவருகின்றன. ராமசேரி இட்டிலி நாம் அறிந்த இட்டிலியன்று. தட்டையாக, சற்றே தடித்த சிறு தோசையைப் போன்று மென்மையாக இருக்கும். தேங்காயெண்ணெயில் குழைத்த பொடியோடு உண்பர். இதனைச் சுவைப்பதற்கென்றே நெடுந்தொலைவிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள். பெரிய நகரங்களின் உணவு விடுதிகளும் இதன் பெயரால் விழா நடத்தியிருக்கின்றன.

அதன் செய்முறையைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். விறகடுப்பின் மேல் நீர் கொதிக்கும் மண்பானை. பானையின் வாய்மீது மண்ணால் ஆன ஒரு வளையம். அவ்வளையத்தில் நூலால் வலை பின்னியிருக்கும். வலையின்மேல் ஈரத்துணி, துணியின்மேல் மாவு. அதனை வேறொரு கலத்தால் மூடி ஆவியில் வேகவிடுகின்றனர். இவ்வாறு வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சிலவற்றை அடுக்கலாம், அவ்வளவே. ஓர் ஈடுக்குக் கிடைப்பவை விரல்விட்டு எண்ணத்தக்க இட்டிலிகள். நம் வீட்டு இட்டிலிக்கொப்பரையில் ஒரு தட்டிலேயே அந்த எண்ணிக்கை வந்துவிடும்.

அதாவது, அங்கே உற்பத்திக்கு எல்லை வகுப்பது பாத்திரம். ஒரு நாளில் எத்தனை ஈடு வைக்கலாம் என்பது அடுப்புகளின் எண்ணிக்கையையும் மாவு புளிக்கும் நேரத்தையும் பொறுத்தது. வாசலில் வரிசை நீண்டாலும் ஆவி விரைந்து எழாது. விரைவுபடுத்த வேண்டுமாயின் துணியையும் வளையத்தையும் நீக்கி உலோகத் தட்டுக்கு மாற வேண்டும். மாறினால் அது ராமசேரி இட்டிலி ஆகாது, ஊரெங்கும் கிடைக்கும் இட்டிலி ஆகிவிடும். ஆகவே தொழிலின் பெயரைக் காப்பதும் அளவைக் காப்பதும் அங்கே ஒரே செயலாக அமைந்துவிட்டன. எத்தனையோ சிறு தொழில்கள் பெயர் பெற்ற மறு ஆண்டிலேயே அளவு மீறிப் பெருகி, தரம் கெட்டு, பெயரையும் இழந்தமை நாம் அறிந்ததே. ராமசேரிக்கு அந்த ஆபத்து நேராமைக்கு அந்த மண் வளையமும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

ஆயின், கதை இத்துடன் முடியவில்லை. முற்காலத்தில் அவ்வூரில் பல வீடுகளில் நடந்த இத்தொழில் இன்று மிகச் சில குடும்பங்களிடமே எஞ்சியிருக்கிறது. புகழ் பெருகப் பெருகச் செய்வோர் தொகை குறைந்திருக்கிறது. பாத்திரம் உற்பத்திக்கு எல்லை வகுத்ததேயன்றி, உழைப்பவர் அடுப்பின் முன் நிற்கும் நேரத்திற்கு எல்லை வகுக்கவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஈடு சிறியது என்பதனாலேயே ஈடுகளின் எண்ணிக்கை அதிகம். எண்ணிக்கை அதிகம் என்பதனால் நிற்கும் நேரமும் அதிகம். பாலக்காட்டில் பங்குனி சித்திரையில் வெயில் 40 பாகையை எட்டுவதும் தாண்டுவதும் உண்டு. அவ்வெயிலில் விறகுப் புகையின் முன் நிற்பவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். தாய் நிற்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, படித்துவிட்டு வேறு வேலை தேடிப் போவதில் வியப்பென்ன? பரம்பரைத் தொழிலைப் பிள்ளைகள் கைவிடுகிறார்கள் என்று கூட்டங்களில் குறை கூறுவோர், ஒரு நாள் காலை அந்த அடுப்பின் முன் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டுப் பிறகு பேசுவது நலம்.

சிறு தொழிலை நீடித்து நடத்த, தொழிலுக்கு அளவு வேண்டும். உழைப்பவருக்கும் அளவு வேண்டும். முதலாவது பெரும்பாலும் தானே அமைந்துவிடுகிறது. இரண்டாவதை ஒருவர் உட்கார்ந்து, கணக்குப் போட்டு, வகுத்தாக வேண்டும்.

அந்தக் கணக்கைத்தான் நம்மவர் போடுவதில்லை. அரிசி, உளுந்து, பால், விறகு, வாடகை, மின்சாரம் எல்லாம் பேரேட்டில் ஏறுகின்றன. வேலையாளின் கூலியும் ஏறுகிறது. கடைக்காரரின் கூலி ஏறுவதில்லை. அவர் மனைவியின் கூலி ஏறவே ஏறாது. மாதக் கடைசியில் கல்லாவில் மிஞ்சுவதையெல்லாம் இலாபம் என்று சொல்லி மகிழ்கிறோம்.

ஓர் எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம். கணவனும் மனைவியும் நடத்தும் தேநீர்க்கடை. எல்லாச் செலவும் போக மாதம் 30,000 ரூபாய் மிஞ்சுகிறது. இருவரும் நாளொன்றுக்குப் பதினெட்டு மணி நேரம், முப்பது நாளும் கடையில் இருக்கிறார்கள். இருவரின் உழைப்பு மாதத்திற்கு 1,080 மணி நேரம். 30,000த்தை 1,080ஆல் வகுத்துப் பாருங்கள். மணிக்கு 28 ரூபாய்க்கும் குறைவு! இதே இருவர் அடுத்த தெருக் கடைக்குக் கூலிக்குச் சென்றால் இதைவிட அதிகம் கேட்பார்கள், கேட்க வேண்டும். எனவே இக்கடையில் இலாபம் என்று ஒன்று இல்லை. கூலியே குறைவாகக் கிடைக்கிறது. இதனை அறிந்த பின்னும் கடையைத் தொடரலாம்; சொந்தத் தொழில் என்ற மதிப்புக்கு ஒரு விலை உண்டு. ஆனால் அறியாமல் தொடர்வது வேறு.

தேய்மானம் என்றொரு தலைப்புக் கணக்கில் உண்டு. மாவரைக்கும் இயந்திரம் ஆண்டுதோறும் தேய்கிறது என்று மதிப்பிட்டு, புதியது வாங்க ஒரு தொகையை ஒதுக்குவார்கள். இயந்திரத்துக்குத் தேய்மானம் எழுதுகிற மனிதர் தம் முழங்காலுக்கு எழுதுவதில்லை. இயந்திரத்தையாவது கோயமுத்தூரில் வாங்கிக்கொள்ளலாம்.

இக்கணக்கைப் போட்ட பின்னர்ச் செய்யத்தக்கது ஒன்று உண்டு. ஒரு சிறு குறிப்பேட்டில், இரண்டு வாரத்திற்கு மட்டும், ஒவ்வொரு மணிக்கும் கல்லாவில் விழுந்த தொகையைக் குறித்து வர வேண்டும். பெரிய படிப்பொன்றும் இதற்குத் தேவையில்லை. இரு வாரம் கழித்து நோக்கினால், நாள் முழுவதும் கடை திறந்திருப்பினும் விற்பனையின் பெரும்பகுதி சில மணி நேரங்களிலேயே நடந்து முடிவதைக் காணலாம். பிற்பகல் இரண்டு முதல் நான்கு வரை, ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரம் எவ்வளவு என்பது எழுத்தில் வந்துவிடும். பாலக்காட்டு வெயிலில் அந்த இரண்டு மணி நேரம் கதவைச் சாத்திவிட்டு உறங்குவதால் நட்டம் பெரிதாக இராது. பகலுறக்கம் சோம்பலின் அடையாளம் என்று கருதுவோர், நான்கு மணிக்கு எழாதவர்கள்.

இவ்வளவும் சரி, கடையை ஒரு நாள் மூடினால் தண்டற்காரருக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இங்கேதான் நோயின் வேர் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

தினத்தண்டல் எவ்வாறு நடக்கிறது என்பது எல்லைப்புறத்தில் வாழ்பவர்க்குத் தெரியும். பத்தாயிரம் ரூபாய்க்கு ஒப்பமிட்டால் கையில் ஒன்பதாயிரம் தருவார்கள். நாளொன்றுக்கு நூறு ரூபாயாக நூறு நாள் கட்ட வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால், ஆயிரம் ரூபாய்தானே வட்டி, பத்தில் ஒரு பங்குதானே என்று தோன்றும். உண்மையில், முதல் நாள் தொட்டே அசல் குறைந்துகொண்டு வருவதால், அந்த ஆயிரம் ரூபாய் நாம் முழுக்காலமும் பயன்படுத்தாத பணத்துக்கும் சேர்த்துக் கட்டும் வட்டியாகும். ஆண்டுக் கணக்கில் சொன்னால் அது 75 சதவீதத்துக்கும் மேல். கேரளத்தில் இத்தகைய வட்டித்தொழிலுக்குப் பிளேடு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், பொருத்தமான பெயர். அதீத வட்டியைத் தடுக்கத் தமிழகத்தில் 2003இலும் கேரளத்தில் 2012இலும் சட்டங்கள் செய்யப்பட்டன.

வட்டி அதிகம் என்பது அனைவரும் அறிந்த தீங்கு. அறியப்படாத தீங்கு, அது நாள்தோறும் வசூலாகிறது என்பதில் இருக்கிறது. மாலையில் வந்து நிற்கும் அந்த மனிதருக்காகக் கடை நாள்தோறும் திறக்கப்பட்டாக வேண்டும். காய்ச்சலாயினும் திறக்க வேண்டும். உறவினர் மணம் என்றாலும் ஒருவர் தங்கியாக வேண்டும். கடையின் ஓய்வு நாளைத் தீர்மானிக்கும் உரிமை கடைக்காரரிடமிருந்து கடன் கொடுத்தவரிடம் போய்விடுகிறது. ஆகவே ஓய்வைத் தேடுபவர் முதலில் நாட்கடனை மாதக்கடனாக மாற்றிக்கொள்ள வேண்டும். 2015 ஏப்ரலில் தொடங்கப்பெற்ற முத்ரா திட்டத்தின்கீழ் 50,000 ரூபாய் வரையிலான சிசு என்னும் பிரிவு சிறு கடைக்காரர்களுக்கென்றே அமைந்தது. சொத்துப் பிணை கேட்கப்படுவதில்லை. வங்கிக்கு மாதம் ஒருமுறை தவணை கட்டுபவர், நான்கு ஞாயிற்றுக்கிழமை கடையை மூடினாலும் எவரும் வாசலில் வந்து நிற்கமாட்டார்.

விண்ணப்பம் எழுதுவதும் அலுவலகம் ஏறி இறங்குவதும் சலிப்பைத் தருவன என்பதை மறுக்கவில்லை. இவ்விடத்தில் என் தொழிலைச் சார்ந்த ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறேன். கேரளத்தில் 1969ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம், மொழிச் சிறுபான்மைப் பகுதி என அறிவிக்கப்பட்ட இடங்களிலுள்ள மாநில அரசு அலுவலகங்களோடு தமிழர் தமிழிலேயே கடிதப் போக்குவரத்து நடத்தவும், தமிழிலேயே விடை பெறவும் இடம் தருகிறது. புரியாத மொழியில் யாரோ நிரப்பிய படிவத்தில் ஒப்பமிட்டுவிட்டு, அதில் என்ன எழுதியிருக்கிறதோ என்று இரவெல்லாம் கவலைப்படுவதைக் காட்டிலும், தமிழில் எழுதி இரண்டு வாரம் காத்திருப்பது உடலுக்கு நல்லது.

பாலக்காட்டுச் சமவெளியிலிருந்து இடுக்கி மலைப்பகுதிக்குச் சென்றால் உழைப்பின் தன்மை மாறுகிறது. சமவெளிக் கடைக்காரருக்கு ஆண்டு முழுவதும் ஒரே சீரான சுமை. மலையிலோ, காலம் என்பது பருவம். குமுளியை எடுத்துக்கொள்ளுங்கள். கார்த்திகை முதல் நாள் தொடங்கி தை மாதப் பிறப்பில் மகரவிளக்கு முடியும் வரை, கம்பம் வழியாகச் சபரிமலை செல்லும் அன்பர்கள் இரவும் பகலும் அவ்வூரைக் கடந்து செல்கிறார்கள். ஏறக்குறைய இரண்டு மாதம். அந்த இரண்டு மாதமும் உணவுக்கடைகளிலும் நேந்திரங்காய் வறுவல் கடைகளிலும் அடுப்பு அணைவதில்லை. மூணாற்றில் சித்திரை, வைகாசி விடுமுறைக் கூட்டம். பிறகு ஆடி மழையில் தெருவே வெறிச்சோடிவிடும்.

பருவத்தில் கடுமையாக உழைப்பதைத் தவறென்று சொல்ல முடியாது. உழவரும் அறுவடையில் அவ்வாறே உழைக்கிறார். ஆனால் உழவர் அறுவடை முடிந்ததும் களத்தைவிட்டு எழுந்துவிடுகிறார். கடைக்காரர் எழுவதில்லை. பருவம் முடிந்த பின்னும், வராத கூட்டத்துக்காக அதே நான்கு மணிக்கு அடுப்பை மூட்டுகிறார். மகரவிளக்கு முடிந்ததும் ஒரு வாரம் முழுமையாக மூடிவிட்டுச் சொந்த ஊருக்குப் போய் வருவது என்று முன்னதாகவே நாள் குறித்து, பேருந்துச் சீட்டும் எடுத்துவிடுபவர், பருவத்தின் கடைசி வாரத்தில்கூட முகம் சுளிக்காமல் நிற்கிறார். முடிவு தெரிந்த சுமை பாதிச் சுமை.

பருவத் தொழிலின் மற்றொரு பொறி பணத்தில் இருக்கிறது. இரண்டு மாத வருவாயைக் கண்டதும், இதுவே தன் மாத வருவாய் என்ற மயக்கம் உண்டாகிறது. அதனைப் பன்னிரண்டால் வகுத்துப் பார்ப்பவர் மிகச் சிலர். ஏலக்காய்ச் சந்தையை நினைவுகூர்வோம். 2019 ஆகஸ்டில், இடுக்கியின் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய் வரை விலைபோயிற்று. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் அது ஆயிரம் ரூபாய் அளவுக்கு இறங்கிவிட்டது. உச்சத்து விலையை நிலையான விலையாகக் கருதிக் குத்தகைக்கு நிலம் எடுப்பவர், பிறகு அக்குத்தகைப் பணத்தைக் கட்டுவதற்காகவே இரவும் பகலும் உழைக்க நேரும். மூணாற்றுக் கடைக்காரர்க்கு இதைவிடக் கசப்பான பாடம் கிடைத்தது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2018இல் பூக்க வேண்டியிருந்தது. கூட்டத்தை எதிர்பார்த்து ஊரே ஆயத்தமாயிற்று. ஆகஸ்டில் பெருமழை, மலைச்சரிவுகளில் மண் சரிந்தது, சாலைகள் துண்டிக்கப்பட்டன. கடன் வாங்கிச் சரக்கு நிரப்பியவர் நிலையையும், கையிருப்பிலிருந்து நிரப்பியவர் நிலையையும் அந்த ஒரு மாதம் பிரித்துக் காட்டியிருக்கும். 2020 மார்ச்சில் நாடு முழுவதும் அடைக்கப்பட்டு, வாளையாறு, குமுளி, போடிமெட்டு வழிகள் மூடியபோது மீண்டும் அதே சோதனை. மூன்று மாதச் செலவைத் தனியே வைத்திருப்பது பொருளாதார அறிவுரையாகவே பொதுவாகச் சொல்லப்படுகிறது. உறக்கத்துக்கான வழி என்றும் அதனைச் சொல்ல வேண்டும்.

பருவத்தின் கொடுமையே இல்லாத ஒரு தொழிலும் அதே இடுக்கி மாவட்டத்தில் இருக்கிறது. உடுமலைப்பேட்டையிலிருந்து மலையேறினால் வரும் மறையூர், காந்தளூர்ப் பகுதியை அஞ்சுநாடு என்பர். தமிழ் வழங்கும் பழைய குடியிருப்புகள் அங்கே உண்டு. அங்குள்ள தட்பவெப்பத்தில் கரும்பு ஆண்டு முழுவதும் பயிராகிறது. ஒரு வயலில் நடவு, பக்கத்து வயலில் வெட்டு. ஆகவே வெல்லம் காய்ச்சும் கொட்டகையில், சமவெளி ஆலைகளைப் போல ஆண்டு வேலையைச் சில மாதங்களில் முடித்துவிட வேண்டும் என்ற நெருக்கடி இல்லை. சாறு பிழிந்து, கொப்பரையில் காய்ச்சி, பதம் வந்ததும் கையால் உருண்டை பிடிக்கிறார்கள். கொப்பரை அருகே நிற்பவருக்கு வெப்பம் வெப்பந்தான். அதனை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வேலை பன்னிரண்டு மாதத்துக்கும் பரவியிருக்கிறது.

மறையூர் வெல்லத்தின் பெயரில் மலிவான வெளியூர் வெல்லம் விற்கப்பட்டமையால், அசல் வெல்லத்துக்கு நியாயமான விலை கிடையாதிருந்தது. 2019இல் அதற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. பெயருக்குக் காப்பு இருந்தால், விலைபோகாததை எண்ணிக்கையால் ஈடுகட்ட வேண்டிய கட்டாயம் குறைகிறது. விலையைக் குறைத்து விற்பவரே அதிக நேரம் உழைக்க வேண்டியவராகிறார் என்பதை நம் கடைக்காரர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும். எதிர்க்கடையைவிட ஒரு ரூபாய் குறைத்து ஒரு கோப்பைத் தேநீர் விற்றால், அந்த ஒரு ரூபாயை இரவு எட்டு மணிக்குப் பிறகு நின்று சம்பாதிக்க வேண்டியிருக்கிறது.

வார ஓய்வைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது? நம் நாட்டில் வார விடுமுறைச் சட்டம் 1942இலேயே இயற்றப்பட்டது. கேரளத்தின் 1960ஆம் ஆண்டுக் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டம், வாரத்தில் ஒரு நாள் கடையை முழுமையாக மூட வேண்டும் என்றே முதலில் விதித்திருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டு, கடை எல்லா நாளும் திறந்திருக்கலாம், ஆனால் ஒவ்வோர் ஊழியருக்கும் வாரத்தில் ஒரு நாள் ஓய்வு தரப்பட வேண்டும் என்றாயிற்று. துணிக்கடைகளில் நாள் முழுதும் நின்றே பணிபுரிந்த பெண்களின் நெடிய போராட்டத்தின் பயனாக, அமர்வதற்கு இருக்கை தர வேண்டும் என்ற விதியும் அதே திருத்தத்தில் சேர்ந்தது. தமிழகமும் 2021இல் அவ்வாறே செய்தது. நல்ல திருத்தங்கள்தாம். எனினும் அவை பாதுகாப்பது ஊழியரை. ஊழியர் எவருமின்றித் தாமும் மனைவியுமாகக் கடை நடத்துபவரை, முன்பு ஊர் முழுவதும் மூடிய நாளாவது வீட்டுக்கு அனுப்பிற்று. இன்று அவரை வீட்டுக்குப் போ என்று சொல்லச் சட்டத்தில் ஆள் இல்லை; அவரே சொல்லிக்கொள்ள வேண்டும்.

தனித்து நடத்துபவர்க்கு இது கடினம். கூடி நடத்துபவர்க்கு எளிது. 1959 மார்ச்சில் பம்பாய் நகரில் ஏழு பெண்கள் எண்பது ரூபாய் கடனாகப் பெற்று அப்பளத் தொழில் தொடங்கினர். லிஜ்ஜத் என்று நாடறிந்த நிறுவனம் அதுவே. அங்கே காலையில் பிசைந்த மாவை வாங்கிச் சென்று, வீட்டில் இட்டு, உலர்த்தித் திருப்பித் தருவார்கள். எடுத்துச் சென்ற மாவு தீர்ந்தால் அன்றைய வேலை தீர்ந்தது. கேரளத்தில் 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீயின் பெண்கள் குழுக்கள் உணவகங்களும் சிறு தொழில்களும் நடத்துகின்றன. பலர் சேர்ந்து நடத்துவதனால் முறை வைத்துக்கொள்ள இடமிருக்கிறது. ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அடுப்பு அணைய வேண்டியதில்லை. பாலக்காட்டிலும் இடுக்கியிலும் உள்ள தமிழ்ப் பெண்களும் அக்குழுக்களில் சேரலாம்.

குழுவுக்கு உடன்படாத தனிக்கடைக்காரர்களும் ஒன்று செய்யலாம். ஒரே தெருவில் இரு தேநீர்க்கடைகள் உண்டென்றால், ஒருவர் புதன்கிழமையும் மற்றவர் வியாழக்கிழமையும் மூடுவதென்று பேசிக்கொள்ளட்டும். புதனன்று வருபவரை எதிர்க்கடைக்கு அனுப்பினால், வியாழனன்று அங்கிருந்து இங்கே வருவார்கள். போட்டிக்காரரோடு எப்படிப் பேசுவது என்ற கூச்சம் முதல் வாரத்தில் மட்டுமே இருக்கும். ஓய்வுநாளை மாதத்துக்கு ஒரு முறை மாற்றாமல், ஒரே கிழமையாக வைத்துக்கொள்வது முக்கியம். வாடிக்கையாளர் நினைவில் நிற்பது கிழமையேயன்றித் தேதியன்று. அதனைக் கதவில் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி வைக்க வேண்டும். கீழே, திறக்கும் நேரத்தையும் எழுதுவது நலம். "நாளைக் காலை ஐந்து மணிக்குத் திறக்கப்படும்" என்று எழுதுங்கள். நான்கு மணி என்று எழுத வேண்டாம்.